நீர்யானைகளுக்கு நடுவே ஒரு ஞானஸ்நான அழைப்பு

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த பயண அலுவலகத்தில் இப்போது குழுக்களைக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் அனுப்பியிருந்தார்கள். "திரேசாக்கா, உங்கட அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தருவீங்களோ?" என்று கேட்டு, கீழே கும்பிடும் கைகள், ஒரு விமானம், ஒரு யானை. நான் பதில் போடவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களில் இரண்டு பேர் நேரிலேயே வந்தார்கள். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் இருப்பது மூன்றாம் மாடி. படி வளைந்து வளைந்து ஏறும். மேலே வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. கையில் ஒரு பெட்டி ரோல்ஸ்.

"அக்கா, மெசேஜ் பாக்கேல்லையோ?"

"பாத்தன்."

"அப்ப ஏன் பதில் போடேல்லை?"

"இப்ப வந்து கேட்டிட்டியள்தானே. எழுதித் தாறன். இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

அவர்களில் ஒருத்தி, ரோல்ஸ் பெட்டியைத் திறந்து முதல் ரோலைத் தானே எடுத்துக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "முந்தி ரிக்கெற் குடுக்கிறதுக்கு வீடு வீடாப் போவியளாமே? இப்ப போனுக்கு அனுப்பினாச் சரி. உங்களுக்கென்ன அக்கா, விசரே?"

விசர்தான், பைத்தியம்தான். அந்த விசரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். யானையும் வரும், பொறுங்கள்.

நான் மொன்றியலுக்கு வந்த புதிதில் ஹோட்டல் அறை துடைத்தேன், விமானச் சாப்பாட்டுத் தட்டில் வெண்ணெய்க் கட்டி வைத்தேன், பிறகு அல்போன்ஸ் அண்ணையின் அலுவலகத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். அலுவலகம் என்றால் சேலைக் கடைக்கு மேலே ஒரு அறை. பிரெஞ்சில் எனக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டும் தெரியும். அந்த இரண்டையும் சரியான இடத்தில் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும், மற்றப் பாதிக்குச் சிரிக்க வேண்டும். குழு வேலைக்கு அண்ணை எனக்குச் சொல்லித் தந்த பாடமும் சின்னதுதான். "எந்த ஊரில இறங்கினாலும் முதல்ல கக்கூஸ் எங்க எண்டு பார். பேந்து கோயில் எங்க எண்டு பார். மற்றதெல்லாம் தானா வரும்." எங்கள் ஆட்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கர். தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுவோம்.

அல்போன்ஸ் அண்ணை ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. கோபம் வந்தால் தோடம்பழம் உரிப்பார். சின்னத் தோடம்பழம், தெருமூலையில் டெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் பையாக விற்பது. சின்னக் கோபம் என்றால் தோலோடு நிறுத்திவிடுவார். பெரிய கோபம் என்றால் சுளையில் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக இழுத்து மேசையில் வரிசையாக அடுக்குவார். நாங்கள் நாரைப் பார்த்தே நிலைமையை அறிந்துகொள்வோம். ஒருமுறை ரோமாபுரியில் எங்கள் குழுவிலிருந்த ஒரு மாமி வேறு நாட்டுக்காரரின் பஸ்ஸில் ஏறி, அவர்களோடு மதியச் சாப்பாடும் சாப்பிட்டு, பாட்டும் பாடி, பின்னேரம் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். நான் திரும்பி வந்து அதைச் சொன்னபோது அண்ணை இரண்டு பழத்தின் நாரை அடுக்கி முடித்தார். பழத்தை எனக்குத் தரவில்லை.

பயணத்துக்கு முந்திய கிழமை அண்ணையும் நானும் ரிக்கெற்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தேத்தண்ணி குடித்து, ரிக்கெற்றை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விஷயம். அண்ணை மெதுவாக எழுந்து போய் அவர்களுடைய பயணப் பெட்டியை மணந்து பார்ப்பார். உண்மையாகத்தான் சொல்கிறேன், குனிந்து மூக்கை வைத்து மணப்பார். "அக்கா, இடப்பக்க மூலையில கருவாடு." அந்த அக்கா தலையில் கை வைப்பார். அண்ணை பிழைவிட்டு நான் பார்த்ததில்லை.

இப்படியே ரோமாபுரி, லூர்து, பாத்திமா என்று எத்தனையோ தரம் போய் வந்துவிட்டோம். கடைசியில் மாதா காட்சி கொடுத்த இடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. பூசை முடிந்து வரும்போது ஆட்கள் அண்ணையை மறித்தார்கள். "இனி எங்க? சும்மா ஒருக்கா சிங்கம் புலியெண்டாலும் காட்டுங்கோவன்." அதனால்தான் நாங்கள் ஆப்பிரிக்காவுக்கு, சாம்பேசி ஆற்றுக்குப் போனோம். பக்தியும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை.

அந்தப் பயணத்தின் ரிக்கெற்றைக் கொடுக்க நகரத்து ஓரம் பியர்பொன்ட்ஸுக்குப் போனோம், ஜெசிந்தா வீட்டுக்கு. சொந்த வீடு, முன்னால் புல்லு, இரண்டு கார். ஜெசிந்தா வாயும் கையும் ஓயாத மனுசி. தேத்தண்ணியைத் தந்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணை, அக்காவும் இந்தப் பயணத்தில வாறாதானே?"

வருகிறார். அவளுடைய அக்கா பிலோமினா, லாசாலில் தனியாக ஒரு அப்பார்ட்மெண்டில் இருப்பவர். அக்காவும் தங்கச்சியும் மூன்று வருஷமாகக் கதை பேச்சில்லை என்பது கோயிலில் எல்லோருக்கும் தெரியும். காரணமும் தெரியும். ஜெசிந்தாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது ஜெசிந்தா எல்லோர் வீட்டுக்கும் நேரில் போய்க் கார்ட் கொடுத்தாள். அக்காதானே என்று அக்காவுக்கு மட்டும் கார்ட்டைப் படம் எடுத்துப் போனில் அனுப்பினாள். பிறகு நேரில் போகலாம் என்று நினைத்தாள். மண்டபம், சாப்பாடு, வீடியோக்காரன் என்று ஓடித் திரிந்ததில் போகாமலே விட்டுவிட்டாள். பிலோமினாக்கா கலியாணத்துக்கு வரவில்லை. எங்களுடைய ஆட்களிடம் நீங்கள் கடனை மறக்கலாம், பிறந்தநாளை மறக்கலாம். அழைப்பை நேரில் சொல்லாமல் விட்டால் மட்டும் தப்ப முடியாது.

"மகளை வளத்தது அக்காதான் அண்ணை," என்றாள் ஜெசிந்தா. "பிள்ளை பாக்கிற கார்டெரியில இடம் கிடைக்காத காலம். நான் பக்டரிக்குப் போக அக்காதான் வச்சுப் பாத்தவா. இப்ப மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுது. திரும்பி வந்தோடன ஞானஸ்நானம். இதுக்கும் அக்கா வராட்டில் பேந்து ஒருநாளும் ஒட்டாது. நான் மூண்டுதரம் லாசாலுக்குப் போனனான். உள்ள ரீவி சத்தம் கேக்குது, கதவு திறக்கமாட்டா."

"அதுக்கு ஆப்பிரிக்காவுக்கு ஏன் பிள்ளை?" என்றார் அண்ணை.

"அங்க கதவில்லைத்தானே."

அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்தார். பிறகு எழுந்து போய் அவளுடைய பெட்டியை மணந்தார். "பயத்தம் உருண்டை."

"அழைக்கப் போகேக்க வெறுங்கையோட போறதே அண்ணை?"

காட்டு முகாமில் கூடாரத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் வைக்கவே கூடாது என்பது சட்டம். அண்ணை அதைச் சொல்லி, உருண்டை இருந்த தகர ரின்னை முகாம் குசினியில் கொடுத்து வைக்கும்படி கட்டளையிட்டு விட்டுவிட்டார். வெளியே வந்து சப்பாத்தைப் போடும்போது என்னிடம் சொன்னார்: "சிங்கத்தை நான் பாத்துக்கொள்ளுவன் எண்டு நினைக்கிறன், திரேசா. உவை ரெண்டு பேரையும் நீ பார்." அவர் பயணத்துக்கு வரவே இல்லை. சிங்கத்தையும் நான்தான் பார்த்தேன்.

சிங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜூன் மாதம் ஆப்பிரிக்காவில் விடியற்காலை குளிரும் என்று எங்கள் ஆட்களிடம் எத்தனை தரம் சொன்னேன். "திரேசா, நாங்கள் மொன்றியல் பனிக்குள்ள இருக்கிற ஆக்கள்," என்று சிரித்துவிட்டு எல்லோரும் மெல்லிய சட்டையோடு வந்தார்கள். மாசியில் பனிக்குள் பஸ்ஸுக்கு நின்ற அதே ஆட்கள் திறந்த ஜீப்பில் பல்லுக் கிட்ட நடுங்கினார்கள். எங்கள் வழிகாட்டி மோசஸ் தன் போர்வையையும் தந்துவிட்டான். மோசஸ் நெடுத்த மனிதன், பேச்சு குறைவு, ஆளைப் பார்த்தே நிறை சொல்லுவான். அவன் ஒரு மரத்தடியில் சிங்கத்தைக் காட்டி, மூச்சு விடாதீர்கள் என்றான். பயத்தில் பின் இருக்கையில் யாரோ செபமாலையைத் தொடங்கிவிட்டார்கள். எங்களில் ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் முடிக்காமல் விடமாட்டார்கள், அதுவும் சத்தமாக. சிங்கம் செபமாலையின் முதல் பத்து மணி உருளும்வரை பொறுத்தது. பிறகு எழுந்து, கொட்டாவி விட்டு, புதருக்குள் போய்விட்டது. சிங்கத்துக்காக ஆட்கள் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன், ஆட்களுக்காகச் சிங்கம் எழுந்து போனதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான் மோசஸ்.

பிலோமினாக்கா தங்கச்சியை விமான நிலையத்திலேயே கண்டுவிட்டார். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். "திரேசா, இந்தப் பயணத்தில நான் காதால ஒருத்தற்ற குரலைக் கேக்கமாட்டன். ஏதும் அவசியமெண்டா நீ சொல்லு." அன்றிலிருந்து எனக்கு இரட்டை வேலை. ஜீப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். ஜெசிந்தா, "அக்கா, அங்க பார், ஒட்டகச்சிவிங்கி," என்பாள். பிலோமினாக்கா நேரே பார்த்தபடி, "திரேசா, என்னவாம்?" என்பார். நான் முன் இருக்கையிலிருந்து திரும்பி, "ஒட்டகச்சிவிங்கியாம் அக்கா," என்பேன். "ஓம், கண்டனான் எண்டு சொல்லு." ஒட்டகச்சிவிங்கி தலையை உயர்த்தி எங்களைப் பார்க்கும். அதற்கும் விளங்கியிருக்காது.

முகாமில் ஒவ்வொருவருக்கும் தனிக் கூடாரம். இரண்டாம் நாள் பின்னேரம் ஜெசிந்தா முகம் கழுவி, நல்ல சீலை உடுத்து, குசினியிலிருந்து ரின்னை வாங்கி, அதன் மேல் ஞானஸ்நானக் கார்ட்டை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்காவின் கூடாரத்துக்கு நடந்தாள். என்னையும் கூப்பிட்டாள், மொழிபெயர்ப்புக்கு. பிலோமினாக்கா உள்ளே கட்டிலில் இருந்தார். நாங்கள் வருவதைக் கண்டார். எழுந்து வந்து, கூடாரத்தின் சிப்பை மேலிருந்து கீழ்வரை சர்ரென்று இழுத்து மூடினார்.

ஜெசிந்தா அப்படியே நின்றாள். "கதவில்லை எண்டு வந்தன் திரேசாக்கா," என்றாள். "சிப் இருக்கு."

அப்போது பார்த்து மரத்திலிருந்து ஒரு பபூன் குரங்கு இறங்கியது. நாய் அளவு, மூஞ்சியும் நாய் மூஞ்சிதான். ஓடி வரவில்லை, மெதுவாக நடந்து வந்தது. ஜெசிந்தாவுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டியது. அவளும் பயத்தில் ரின்னை இரண்டு கையாலும் அதனிடம் கொடுத்துவிட்டாள். கார்ட்டோடு. அது மரியாதையாக வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, மூடியைக் கழற்றி, பயத்தம் உருண்டையை ஒவ்வொன்றாக வாயில் போட்டது. கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதையும் தின்றது.

கூடாரத்துக்குள் வலைச் சன்னலில் பிலோமினாக்காவின் முகம் தெரிந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"திரேசா!"

"சொல்லுங்கோ அக்கா."

"அவளிட்டச் சொல்லு. குரங்குக்கு நேரில போய்க் கையில குடுக்கத் தெரியுது. கூடப்பிறந்தவளுக்குத்தான் போனில அனுப்புறா."

அதை நான் திருப்பிச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஜெசிந்தா அந்த இடத்திலேயே புழுதியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அக்காமேல் வந்த கோபத்துக்கு, அன்றைக்குக் கையில் தோடம்பழம் இருந்திருந்தால் ஒரு பை முடித்திருப்பேன்.

அடுத்த நாள் ஆற்றுப் பயணம். நீளமான ஒடுங்கிய தோணிகள், ஒரு தோணிக்கு இரண்டு பேர். முன்னால் இருப்பவர் துடுப்பு வலிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் வலித்துக்கொண்டே திருப்பவும் வேண்டும். மோசஸ் முன் தோணியில் போவான். நீர்யானை பகலில் தண்ணீருக்கடியில் கிடக்கும் என்றும், அதற்கு ஆழமான பக்கம்தான் வீடு என்றும், அதன் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் போகாதவரை அது உங்களை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னான். அதனால் கரையோர ஆழமில்லாத தண்ணீரிலேயே போக வேண்டும். போகும்போது துடுப்பால் தோணியின் பக்கத்தில் தட்டுவான். சத்தம் கேட்டதும் நீர்யானைகள் தலையை வெளியே நீட்டும். எங்கே நிற்கின்றன என்று தெரிந்துவிடும். துடுப்பை உயர்த்தி இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் போ, வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் போ. சத்தம் வேண்டாம். செபமாலையும் வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு எங்களை வரிசையில் நிறுத்தி, நிறையைக் கண்ணால் அளந்து சோடி சேர்த்தான். அக்காவும் தங்கச்சியும் ஒரே நிறை, ஒரே உருவம். இரண்டு பேரையும் ஒரே தோணியில் போட்டான். நான் ஓடிப்போய், அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்றேன்.

"மிகவும் நல்லது," என்றான் மோசஸ். "நீர்யானைக்குப் பேச்சு பிடிக்காது."

அக்கா என்ற உரிமையில் பிலோமினாக்கா பின்னால் ஏறிக்கொண்டார். ஜெசிந்தா முன்னால். அவள் தலையில் ஒரு தொப்பி, பியர்பொன்ட்ஸில் தோட்டத்துக்குப் போடுவது, குடை அகலம். அவர்களுக்குப் பின்னால் என் தோணி, என்னோடு முகாமின் இன்னொரு வழிகாட்டி. எனக்கு வலிக்க வேலையில்லை. கத்தத்தான் வேலை இருந்தது.

மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர்கள், வலிக்கத் தெரியாதா? இருவரும் நல்லாகத்தான் வலித்தார்கள். மோசஸ் துடுப்பைச் சாய்ப்பான். ஜெசிந்தா, "அக்கா, இடப்பக்கம்," என்பாள். பிலோமினாக்கா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பார். "திரேசா, முன்னுக்கு ஒரு தொப்பி என்னவோ சொல்லுது. என்னவாம்?" "இடப்பக்கமாம் அக்கா!" அதற்குப் பிறகுதான் தோணி திரும்பும். "அக்கா, முதலை." "திரேசா, என்னவாம்?" "முதலையாம் அக்கா!" "எங்கையாம்?" "எங்கையாம் ஜெசிந்தா?" "கரையில, திரேசாக்கா, வாயைத் திறந்துகொண்டு கிடக்கு." "கரையிலயாம் அக்கா!" முதலை வாயை மூடிக்கொண்டது. யானைக் கூட்டம் ஒன்று தும்பிக்கையை உயர்த்தியபடி ஆற்றைக் கடந்தபோதும் இதே கூத்துத்தான். உலகத்திலேயே அழகான காட்சி என்று மற்றவர்கள் கண் கலங்கினார்கள். நான் யானையைக் கத்திச் சொல்லியே களைத்துப் போனேன். கைபேசியில் யானைப் படம் அனுப்பினீர்களே பிள்ளைகளே, என் யானை இவ்வளவுதான்.

மதியமாகும்போது ஆறு ஒடுங்கியது. இடப்பக்கம் நாணல் கரை, வலப்பக்கம் ஒரு மணல்திட்டு, நடுவில் ஓடை மாதிரி ஆழம். மோசஸ் தட்டிப் பார்த்தான், ஒரு தலையும் வரவில்லை. அவன் கடந்து போய்விட்டான். சகோதரிகளின் தோணி நடு ஓடைக்கு வந்த நேரம் பார்த்து, நாணலுக்குள் படுத்திருந்த ஒரு நீர்யானை எழுந்து நின்றது. அது தண்ணீரில் இல்லை, கரையில். அதன் வீடு ஓடையில். நடுவில் இவர்கள் இரண்டு பேர்.

மோசஸ் திரும்பிப் பார்த்து, துடுப்பை உயர்த்தி, வலப்பக்கம் பலமாகச் சாய்த்தான்.

"அக்கா, வலப்பக்கம்! மணலுக்கு விடு!"

பிலோமினாக்கா ஆறுதலாகத் திரும்பினார். "திரேசா, என்னவாம்?"

நான் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது. காலையிலிருந்து கத்தியதில் தொண்டை முழுதாக அடைத்துவிட்டது. மாதாவே, என் வேலைக் காலத்தில் எத்தனையோ முறை தேவையில்லாமல் கத்தியிருக்கிறேன், தேவையான ஒரே ஒரு முறை சத்தம் வரவில்லை. இரண்டு கையையும் வீசி வலப்பக்கம் காட்டினேன்.

"ஏன் ஆடுறாய்?" என்றார் பிலோமினாக்கா.

நீர்யானை மூச்சை ஊதியது. பிலோமினாக்கா முன்னால் எட்டிப் பார்த்தார். தொப்பி மறைத்தது. மற்றப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கேயும் தொப்பி. நீர்யானை ஓடத் தொடங்கிவிட்டது. அக்கா துடுப்பை உயர்த்தி ஒரே அடியில் தொப்பியைத் தட்டிவிட்டார்.

"விசரி! உந்தக் குடையைத் தலையில வச்சுக்கொண்டு! எந்தப் பக்கமடி?"

"வலப்பக்கம் அக்கா!"

"வலியடி! வலி!"

இரண்டு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. தோணி மணல்திட்டில் பாதிவரை ஏறியது. அதே நேரம் நீர்யானை ஓடைக்குள் பாய்ந்தது. எழுந்த அலையில் இரண்டு பேரும் தலையோடு கால் நனைந்தார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு நிமிஷம் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீர்யானை தூரத்தில் தலையை நீட்டியது. அதன் தலையில் ஜெசிந்தாவின் தொப்பி இருந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள், படமெடுக்க அங்கே யாருக்கும் கை வரவில்லை.

எல்லாத் தோணிகளும் மணல்திட்டுக்கு வந்தன. ஜெசிந்தா சேற்றில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். "திரேசாக்கா, கேட்டனீங்களே? அக்கா கதைச்சுப் போட்டா! என்னை விசரி எண்டு சொன்னவா!"

பிலோமினாக்கா வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஜெசிந்தா அக்காவின் இரண்டு கையையும் பிடித்தாள். "அக்கா, பேத்திக்கு ஞானஸ்நானம். நீ வரவேணும். இஞ்ச கதவுமில்லை, சிப்புமில்லை. கேள் அக்கா."

அக்கா கையை இழுக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்: "அண்டைக்குக் கலியாணத்தண்டு நான் சீலை உடுத்து, பூவும் வச்சு, சன்னலுக்குக் கிட்ட இருந்தனான். நீ வராட்டிலும் ஆரெண்டாலும் வந்து, 'வாங்கோ பெரியம்மா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவினம் எண்டு. பொழுதுபடுமட்டும் இருந்தன். நான் தூக்கி வளத்த பிள்ளையடி."

"என்ர பிழைதான் அக்கா. அக்காதானே எண்டு நினைச்சிட்டன்."

"அதுதான்டி எனக்குக் கோவம். அக்காதானே எண்டு நினைச்சது."

எனக்கும் கண் நிறைந்தது. மோசஸ் பக்கத்தில் வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா, ஏன் அழுகிறார்கள் என்று கேட்டான். இல்லாத குரலில், ஞானஸ்நானம் என்றேன். அவன் முகம் மாறியது. ஆற்றைப் பார்த்தான், இரண்டு சகோதரிகளையும் பார்த்தான். "இங்கே வேண்டாம் அம்மா," என்றான். "முதலை இருக்கிறது."

பிலோமினாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மீண்டும் பழைய அக்கா. "சேத்துக்க நிண்டு, கார்ட்டும் இல்லாமல், பலகாரமும் இல்லாமல் சொல்லுறதே முறை? வீட்ட வந்து சொல்லு."

"வந்தா நீ கதவு திறக்கமாட்டாய்."

"கதவைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. பலகாரம் புதுசாச் சுடு. குரங்கு திண்ட மிச்சம் எனக்கு வேண்டாம்."

அவ்வளவுதான். திரும்பித் தோணியில் ஏறியதும் வாயை மூடிக்கொண்டார். முகாமில் பேச்சில்லை, விமானத்தில் பேச்சில்லை. "திரேசா, அவளின்ர பெல்ற்றைப் போடச் சொல்லு," என்றதோடு சரி. ஜெசிந்தாவுக்கு அரை உயிர். திறப்பாவோ, மாட்டாவோ, திறப்பாவோ, மாட்டாவோ என்று அத்திலாந்திக் கடல் முழுக்க என் காதுக்குள் கேட்டாள்.

திரும்பி வந்து அல்போன்ஸ் அண்ணையிடம் எல்லாவற்றையும் கிசுகிசுத்தேன், குரல் அப்போதும் முழுதாக வரவில்லை. அவர் தோடம்பழத்தை உரித்தார். நாரை எடுக்கவில்லை. பாதியை என்னிடம் நீட்டினார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தரம். "கூட்டிக்கொண்டு போனவையைத் திரும்ப வாசல்வரைக்கும் விட்டாத்தான் பயணம் முடிஞ்சது, திரேசா," என்றார். "நீயும் ஒருக்கா லாசாலுக்குப் போட்டு வா."

சனிக்கிழமை ஜெசிந்தா காரில் வந்து என்னை ஏற்றினாள். என் மடியில் புது ரின், புதுப் பயத்தம் உருண்டை, புதுக் கார்ட். இரண்டு சிவப்பு லைட்டில் அவள் நிற்காமல் போனாள். நான் நீர்யானைக்குப் பயந்ததைவிட அன்றைக்கு அதிகம் பயந்தேன். லாசாலில் அந்தக் கட்டிடத்தின் படியில் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே போய் வளைவில் திரும்பினோம். கதவு அகலத் திறந்து கிடந்தது. காற்றுக்குச் சாத்திவிடாமல் இருக்க ஒரு சாப்பாட்டு மேசைக் கதிரையை இழுத்து அணைகொடுத்து வைத்திருந்தார். எதிர்வீட்டுக் கிழவர் அந்தக் கதவைக் காட்டி, காலையிலிருந்து இப்படித்தான் கிடக்கிறது, நீங்கள்தானா அந்த விருந்தாளிகள் என்று பிரெஞ்சில் கேட்டார், ஜெசிந்தா பிறகு விளக்கம் சொன்னாள். நான் பொன்ஜூர் மெர்சி சொன்னேன்.

பிலோமினாக்கா சீலை உடுத்திருந்தார். பூவும் வைத்திருந்தார். ஜெசிந்தா ரின்னையும் கார்ட்டையும் இரண்டு கையாலும் நீட்டி, "அக்கா, பேத்திக்கு ஞானஸ்நானம், நீதான் முதல் ஆளா வந்து நிக்கவேணும்," என்றாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். மூடியைத் திறந்து ஓர் உருண்டையை மணந்து பார்த்து, "சீனி கூடிப்போச்சு எண்டு அவளிட்டச் சொல்லு, திரேசா," என்றார். பிறகு குசினிக்குள் போனார். தண்ணி கொதிக்க வைக்கும் கேத்திலின் சத்தம் கேட்டது.

"திரேசா!"

"என்னக்கா?"

"அவ தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி போடுறவா எண்டு கேள்."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போடத் தொடங்கினேன். "நான் கேக்கமாட்டன் அக்கா. பயணம் முடிஞ்சுது. நான் வேலையில இல்லை."

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. கேத்தில் கொதித்துத் தானாக அணைந்தது. பிறகு அக்காவின் குரல், கொஞ்சம் சின்னதாக: "ஏய்... சீனி எத்தினை?"

"ரெண்டு, அக்கா."

"ரெண்டோ? சீனி வருத்தத்தை வச்சுக்கொண்டு ரெண்டோ? விசரி! உன்ர கால் வீங்கினது ஆற்றங்கரையிலயே கண்டனான், டொக்டரிட்டக் காட்டினியே? மருந்து ஒழுங்காப் போடுறியே? அந்தப் பெட்டை பிள்ளை பெத்ததுக்குப் பத்தியச் சாப்பாடு ஆர் குடுத்தது? நீயே? உனக்கென்ன தெரியும்?"

மூன்று வருஷத்துக் கதை ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா எழுந்து குசினிக்குள் போனாள். எனக்குத் தேத்தண்ணி வருமென்ற நம்பிக்கை போய்விட்டது. கதிரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கதவில் கையை வைத்துக்கொண்டு, சாத்திவிட்டுப் போகட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம்!" என்றார்கள், இரண்டு பேரும் ஒன்றாக.